டப்பாவைக் கழுவியது யார்?

எங்கள் துப்பறியும் நிறுவனம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழேயும் அழுக்கைத்தான் எடுக்கிறார்கள், மேலேயும் அதேதான். என்ன, எங்களுக்கு இஸ்திரி போடத் தெரியாது. நிறுவனத்தின் தலைவர், மூளை, கோபம் மூன்றும் என் அண்ணி. உதவியாளன், டிரைவர், திட்டு வாங்குபவன் மூன்றும் நான், அவருடைய கொழுந்தன். "உன் வாய்க்கு வேற எங்க போனாலும் ஒரு வாரம் தாங்க மாட்டாங்க" என்று சொல்லி அண்ணியே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அன்று காலை ஒரு பெண்மணி பெரிய சூட்கேஸோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பெட்டியை எங்கள் மேஜை மேல் வைத்தார். டங்கென்று ஒரு சத்தம். மேஜையின் ஒரு கால் சற்று உள்ளே வாங்கியது.

"உள்ள என்னம்மா, பீரங்கியா?" என்றேன்.

"வாணலி. அப்புறம் கரண்டி, நாலஞ்சு பாத்திரம். துணிமணி எங்க போனாலும் வாங்கிக்கலாம். கைக்குப் பழகின வாணலி கிடைக்குமா?"

அந்த நிமிஷமே அவருக்குப் பெட்டியம்மா என்று பெயர் வைத்துவிட்டேன், மனசுக்குள்தான்.

"என் வீட்டுக்காரருக்கு வேற ஒருத்தி இருக்கா," என்றார் பெட்டியம்மா. "சாயங்காலம் எங்கண்ணன் வேன் எடுத்துட்டு வரான். அதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. ஆமான்னா கிளம்பிடுறேன். இல்லன்னா இருந்துடுறேன்."

பேச்சென்னவோ கறாராகத்தான் இருந்தது. ஆனால் கை மட்டும் பெட்டியின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. போக வேண்டும் என்று ஆசைப்படுகிற கை இல்லை அது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் அண்ணி.

பெட்டியம்மா தோள்பையிலிருந்து ஒரு பேண்ட்டை எடுத்து விரித்தார். "இடுப்பைப் பிடிச்சுத் தெச்சிருக்கு. நல்லா நாலு விரக்கடை. இது என் தையல் இல்ல. என்கிட்ட சொல்லாம வெளிய கொடுத்துத் தெச்சிருக்காரு. யாருக்காக இளைக்கிறாரு?"

அடுத்து மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பா. கண் கூசுகிற மாதிரிப் பளபளத்தது. "தினமும் ஆபீசுக்குக் கட்டிக் கொடுக்கறேன். கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் ஒரு ஸ்பூனைக்கூட கழுவினதில்ல. கொஞ்ச மாசமா டப்பா இப்படித்தான் திரும்பி வருது. எவளோ ஒருத்தி கழுவிக் கொடுக்கறா!"

கடைசியாக ஒரு கைக்குட்டை. அதில் இளஞ்சிவப்பாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. அதைப் பெட்டியம்மா விரல் நுனியால் பிடித்து நீட்டினார். "இது அவ மூஞ்சிக்குப் போடுற பவுடர்."

அண்ணி கைக்குட்டையை வாங்கினார், முகர்ந்தார். பிறகு சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி! அது சாட்சியம்!"

"ஸ்ட்ராபெரி," என்றார் அண்ணி. இன்னொரு தரம் தொட்டு நக்கினார். "இனிப்பு கம்மி."

பிறகு பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, புதுசா ஒருத்தி மேல ஆசைப்பட்டவன் புதுப் பேண்ட் வாங்குவான். பழசைப் பிடிச்சுத் தெச்சுப் போடுறவன் இளைச்சதை வெளிய காட்டிக்கப் பயப்படுறான். காதலுக்கும் பயத்துக்கும் தையலே வேற." டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். "இது பாத்திரம் தேய்க்கிற சோப்பு இல்ல. ஆபீஸ்ல கை கழுவ வெச்சிருப்பாங்களே, பச்சை சோப்புத் தண்ணி, அது. அடுக்குக்கு அடுக்கு ரப்பர் வளையம் இருக்கே, ஒண்ணைத் தலைகீழா மாட்டியிருக்கு, மத்தது நேரா இருக்கு. ஒரே ஆளு தினமும் கழுவினா கை பழகிடும், இப்படி மாட்ட மாட்டாங்க."

"அப்ப நிறைய பேரா?" என்று கேட்டுவிட்டேன்.

பெட்டியம்மா 'ஐயோ' என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அங்குலம் குறைந்திருப்பேன். பேண்ட் பிடித்துத் தைக்கும் அளவுக்கு.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார் அண்ணி அவரிடம். "டப்பாவை இன்னைக்கும் கொடுத்தனுப்பினீங்களா?"

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு. அதுல கொடுத்தேன்."

"போதும். டேய், வண்டியை எடு. ஆளை விட்டுடு. நாம டப்பா பின்னாடி போறோம்."

பெட்டியம்மாவின் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். யாருக்காவது கார் நசுங்கினால், ஏன் நசுங்கியது என்று பத்துக் கேள்வி கேட்கிற இடம். அந்த மாதிரி இடத்துக்குள் போவதற்கு ஒரு வேஷம் வேண்டும். அண்ணி ஒரு பழைய காக்கி மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். என் கையில் ஒரு வாளியையும் ஸ்பானரையும் கொடுத்தார்.

"தண்ணி மெஷின் சர்வீஸ்," என்றார் வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம்.

அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டையின் நடுப் பட்டன் போட வராமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "போங்க, போங்க. சமையல்கட்டு வலது பக்கம்."

சமையல்கட்டு என்பது ஒரு சின்ன அறை. ஒரு தண்ணீர் மெஷின், ஒரு மைக்ரோவேவ், கை கழுவும் தொட்டி. தொட்டியின் மேல் பச்சை சோப்புத் தண்ணி பாட்டில். அண்ணி என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி இறக்கினார். பக்கத்து அலமாரியில் வரிசையாகச் சாப்பாட்டுப் பைகள். நடுவில் நம் மூன்றடுக்கு, ராஜா மாதிரி.

நான் மெஷினைப் பிரித்து மேய்வது போல் பாவனை செய்தேன். பாவனை சற்று அதிகமாகிவிட்டது. ஒரு குழாய் கையோடு வந்து, என் சட்டையெல்லாம் தண்ணீர்.

"சர்வீஸ் பண்ணச் சொன்னா குளிக்கிறியா?" என்றார் அண்ணி.

சாப்பாட்டு நேரம் வந்தது. பெட்டியம்மா காட்டிய போட்டோவில் இருந்த அதே மனிதர் வந்தார். ஒல்லியான உடம்பு. சட்டை மட்டும் அவருடைய பழைய உடம்புக்காகக் காத்திருப்பது போலத் தொளதொளத்தது. அலமாரியைக் கடக்கும்போது முகத்தை வேண்டுமென்றே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையில் ஒரு துணிப்பை. விடுவிடுவென்று நடந்து, மூலையில் இருந்த பழைய ஃபைல் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீ ஆளைப் பாரு. நான் டப்பாவைப் பாக்கறேன்," என்று கிசுகிசுத்தார் அண்ணி.

நான் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஃபைல் அறை வாசலுக்குப் போய்க் கதவில் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கடகட கடகட கடகட. சற்று நிறுத்தம். மறுபடி கடகட கடகட.

அண்ணியிடம் ஓடினேன்.

"அண்ணி, கதை ரொம்ப முத்திப் போச்சு. உள்ள குழந்தையே இருக்கு!"

"என்னடா உளறுற?"

"கிலுகிலுப்பை ஆட்டுறாரு அண்ணி! என் காதால கேட்டேன். பெட்டியம்மாகிட்ட எந்த வாயால சொல்றது?"

"குழந்தை அழுதுச்சா?"

"இல்ல."

"சிரிச்சுச்சா?"

"இல்ல..."

"அப்ப அது ஆபீஸ் குழந்தை போல. வா."

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன். மூன்றடுக்கைக் காணோம். "அண்ணி, டப்பா!"

"யார் எடுத்தாங்கன்னு பாத்தாச்சு. அது எங்கயும் ஓடாது. முதல்ல உன் குழந்தையைப் பாப்போம்."

அண்ணி ஃபைல் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். இரும்பு அடுக்குகளுக்கு நடுவில், தூசி படிந்த கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார் மனிதர். கையில் ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதற்குள் கம்பியில் செய்த ஒரு பந்து. அதுதான் என் கிலுகிலுப்பை. மேலுதட்டில் இளஞ்சிவப்பாக ஒரு மீசை. பக்கத்தில் ஒரு பெரிய டின்: 'ஒரு வேளை உணவுக்கு ஈடு. ஸ்ட்ராபெரி சுவை.'

"ஆடிட்டா?" என்றார் அவர் நடுங்கிப் போய்.

"இல்ல, உங்க வீட்டுலேருந்து வரோம்," என்றார் அண்ணி.

ஆடிட் என்று சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்து அந்த மீசை மட்டும் மிச்சமிருந்தது.

மனிதர் பாவம், ஒரு மிரட்டலுக்குக்கூட வேலை வைக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மதியம் மட்டும் சாப்பாட்டுக்குப் பதில் இந்தப் பொடி, மற்ற வேளை அளவாகச் சாப்பாடு, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று ஏற்பாடு.

"இதை வீட்ல சொன்னா என்ன?" என்றேன் நான்.

"எங்க மச்சான் பொண்டாட்டி ஒரு நாள் விளையாட்டா, 'உன் கையால சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் உன் வீட்டுக்காரர் உருண்டையாயிட்டாரு'ன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கிலேருந்து அந்தம்மா எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. மிதிக்க விடல. நான் அந்த வீட்டுலயே குடியிருக்கறவன் சார்."

நியாயமான பயம். எனக்கே வேர்த்தது.

"டின்னைக் காட்டுங்க," என்றார் அண்ணி. "இது இப்பத்தான் திறந்த மாதிரி இருக்கே. உங்களைப் பாத்தா இளைச்சது போதும்னு தோணுது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"போன தடவையே போதும்னுட்டாரு. நானும் நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். எங்க மேலாளர் அம்மாதான், 'இன்னும் லேசா தொப்பை தெரியுது, பாதியில விட்டா டபுளா ஏறிடும்'னு சொல்லி அவங்களே இந்த டின்னை வாங்கிக் கொடுத்தாங்க. கூடவே இந்த மாத்திரையும். பசி எடுக்காதாம். ரொம்ப இளகின மனசு."

அண்ணி மாத்திரை பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். "இது முடி வளர்றதுக்கு."

"அதான் பாத்தேன்," என்று அவர் தலையைத் தடவிக்கொண்டார். "பசி அப்படியேதான் இருக்கு."

"அதை இனிமே தொடாதீங்க. டப்பா? அதை என்ன பண்றீங்க?"

"மேலாளர்கிட்டயே சொல்லிட்டேன், பசியோட இருக்கறவங்க யாருக்காவது கொடுத்துடுங்கன்னு. வீணாப் போகக் கூடாது பாருங்க."

அண்ணி எழுந்தார். அவர் அமைதியாக எழுந்தால்தான் எனக்குப் பயம். "வாங்க சார், அந்தப் பசியோட இருக்கறவங்களை ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்."

மேலாளர் அறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. "தண்ணி மெஷின் வெடிச்சிடுச்சு!" என்று நான் கத்தினேன். என் சட்டையின் நிலையில் அது முழுப் பொய் இல்லை. கதவு திறந்தது.

உள்ளே நாலு பேர். மேலாளர் அம்மா, காசாளர், டைப் அடிக்கிறவர், வாசலில் பார்த்த செக்யூரிட்டி. நால்வருக்கும் கன்னம் பந்து மாதிரி, கழுத்துக்கும் தோளுக்கும் எல்லைக்கோடு இல்லை. மேலாளர் அம்மாவின் ஸ்கர்ட் இடுப்பில் கொக்கிக்குப் பதில் பெரிய ஊக்கு. மேஜையில் மூன்றடுக்கும் பிரித்துப் பரப்பியிருந்தது. நடு அடுக்கின் அடியை டைப் அடிக்கிறவர் விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"சார், நல்லாப் பாத்துக்குங்க," என்றார் அண்ணி. "இவங்கதான் பட்டினி கிடந்தவங்க."

வீட்டுக்காரர் மேலாளர் பக்கம் திரும்பினார். "மேடம்... அந்த டின்னு?"

மேலாளர் அம்மா மறைக்கவே முயலவில்லை. "நீங்க பொடியை நிறுத்திட்டா நாங்க என்ன பண்றது சார்? எதிர்க்கடை ரொட்டியைத் திங்கச் சொல்றீங்களா? நாலு பேரும் சேர்ந்துதான் அந்த டின் வாங்கினோம். கழுவுறதுகூட முறை போட்டுக் கழுவுறோம். நேத்து இவரு முறை," என்று செக்யூரிட்டியைக் காட்டினார். "ரப்பரை ஒழுங்கா மாட்டுய்யான்னு தலைபாடா அடிச்சுக்கறேன்."

"துளிகூட மிச்சம் வெக்கறதில்லைங்க," என்றார் செக்யூரிட்டி, அது ஒரு நற்சான்று என்பது போல.

"அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்று மேலாளர் அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "நாளைக்கு கீழடுக்குல வறுத்தது வர்ற நாள்."

"வெக்கமா இல்ல? ஒரு மனுஷனைப் பட்டினி போட்டு நாலு பேரு வயிறு வளர்த்திருக்கீங்க. அங்க ஒரு குடும்பம் பெட்டி கட்டி நிக்குது!" என்று அண்ணி ஒரு சத்தம் போட்டார். காசாளருக்கு விக்கல் வந்துவிட்டது. அண்ணி டப்பாவை அள்ளி என் வாளிக்குள் போட்டார், வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியம்மா கூடத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அந்த சூட்கேஸ். கணவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஆமாவா, இல்லையா?"

"இல்ல," என்றார் அண்ணி. "ஒரு பொம்பளை இருக்கா. ஆனா அவளுக்கு ஆசை உங்க வீட்டுக்காரர் மேல இல்ல. உங்க சமையல் மேல."

அண்ணி நடந்ததைச் சொன்னார். நான் இடையிடையே கடகட சத்தம் கொடுத்து உதவினேன். பெட்டியம்மாவின் முகம் முதலில் தெளிந்தது. கேஸ் முடிந்தது என்று நான் வாளியைக் கீழே வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"அப்ப என் சாப்பாட்டைத் தின்னா குண்டாயிடுவோம்னு பயம்," என்றார் மெதுவாக. "எங்கண்ணன் பொண்டாட்டி சொன்னதை நீங்களும் நம்பிட்டீங்க. வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன். என் டப்பாவைத் தொடக்கூட மாட்டீங்கன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

வாசலில் வேன் ஹாரன் கேட்டது. பெட்டியம்மா சூட்கேஸைத் தூக்கிவிட்டார். வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நின்று, "நான்... நான்..." என்றார். அதற்கு மேல் வண்டி ஓடவில்லை. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அங்கே இல்லை. சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

"ஏம்மா," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார், "மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"தட்டுல?"

அண்ணி ஒரு தட்டோடு வெளியே வந்தார். விரலை வைத்து அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். தூசியில் கோடு பளிச்சென்று விழுந்தது. "அடுக்குல ரெண்டு தட்டு. ஒண்ணு பளபளன்னு இருக்கு, இது ரொம்ப நாளா தண்ணியே பாக்காத தட்டு. அவருக்கு மதியம் ஆக்கிக் கொடுத்தனுப்பிட்டு, நீங்க எதுல சாப்பிடுறீங்க? கேக்கணும்னே இல்ல. உதட்டைத் துடைங்க."

பெட்டியம்மாவின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. விரலில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"சாக்லேட் சுவை," என்றார் அண்ணி. இந்த முறை நக்கிப் பார்க்கவில்லை.

"நீயுமா?" என்றார் வீட்டுக்காரர்.

பெட்டியம்மா சூட்கேஸின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "நீங்க பாட்டுக்கு இளைச்சுக்கிட்டே போறீங்க. நான் மட்டும் இப்படியே இருந்தா உங்க பக்கத்துல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்? அவளை மாதிரி ஆகணும்னு... எவளோ, அவளை மாதிரி." அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அது குடிக்கிறதா? சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு நல்லாருக்கும்!"

"ஸ்ட்ராபெரி அதைவிட மோசம்," என்றார் அவர். பிறகு அவராகவே வந்து தரையில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் சாப்பாடு பிடிக்காம இல்ல. டப்பாவைத் திறந்தா என்னால பாதியில நிறுத்த முடியாது. அதான் அந்தப் பக்கமே திரும்பாம போவேன். ஃபைல் ரூம் வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பேன். வாசனை வந்துடுமேன்னு."

அந்த மனிதரை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெட்டியம்மா அவரைப் பார்த்தார். அன்றைக்கு அதுதான் முதல் தடவை. "கேட்டா அளவாப் போட்டிருக்க மாட்டேனா? பாதி டப்பா கட்டத் தெரியாதா எனக்கு?"

"கேக்கத்தான் பயம்."

அதற்குள் பெட்டியம்மாவின் அண்ணன் வேன் சாவியைச் சுழற்றியபடி உள்ளே வந்துவிட்டார். கதவை அடைக்கிற உருவம். "என்ன, தரையில உக்காந்து மாநாடா? எழுந்து ஏறு. ராத்திரிக்கு முன்னாடி போய்ச் சேரணும்."

பெட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ போ. நாங்க ரெண்டு பேரும் இன்னும் சாப்பிடல."

"இந்நேரத்துக்கு எந்த வேளைச் சாப்பாடு?"

"எல்லா வேளையும் சேத்துத்தான்."

அண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, அப்படின்னா எனக்கும் ஒரு தட்டு..."

"உன் வீட்ல ஒருத்தி உனக்கு ஆக்கி வெச்சிருப்பா. போய், அவ நல்லாருக்காளான்னு நான் கேட்டேன்னு சொல்லு."

எங்களையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளினார். கதவு மூவர் மூக்குக்கும் முன்னால் சாத்திக்கொண்டது. உள்ளே அடுப்புப் பற்ற வைக்கும் சத்தமும், யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன. அண்ணன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். காக்கிச் சட்டையில் ஒரு பெண், நனைந்த சட்டையில் ஒருத்தன், கையில் வாளி.

"யார் நீங்க?"

"துப்பறியறவங்க," என்றார் அண்ணி.

"அப்படியா? என்ன கண்டுபிடிச்சீங்க?"

"உங்க தங்கச்சிக்குப் பசிக்குதுன்னு."